கருகிய 150 ஆம்பியர் ஆல்டர்னேட்டருக்குப் பணத்தைத் திருப்பிக் கேட்டுப் புகார்

பெறுநர்: மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். தீபாவளிக்கு முன் பிறை நகரில் உள்ள உங்கள் கடையில் என் படகுக்காக வாங்கிய 150 ஆம்பியர் ஆல்டர்னேட்டர் (இஞ்சினால் சுழன்று பேட்டரிக்கு மின்னேற்றும் கருவி) கருகிப்போய் என் வீட்டு வாசலில் கிடக்கிறது. தொலைபேசியில் பேசிப் பேசி ஓய்ந்துவிட்டேன். மின்னஞ்சல் அனுப்பினால் 'உங்கள் புகார் பதிவாகியுள்ளது' என்ற ஒரே வரிதான் வருகிறது. பதிவானது போதும், பதில் வேண்டும்.

வாங்கும்போது நான் எதையும் மறைக்கவில்லை. 30 குதிரைத்திறன் டீசல் இஞ்சின், ஒற்றை வி-பெல்ட், 400 ஆம்பியர்-மணி லித்தியம் பேட்டரி என்று தாளில் எழுதியே கொடுத்தேன். "பழையதைக் கழற்றிவிட்டு இதை மாட்டினால் போதும்" என்றார் உங்கள் விற்பனையாளர். படகு நிற்கும் பத்து மாவுங் ஊருக்கு வந்து பொருத்தியவரும் உங்கள் மெக்கானிக்தான். அதற்குத் தனியாகக் கூலியும் வாங்கிக்கொண்டார்.

முதல் ஓட்டத்திலேயே பெல்ட் தேய்ந்து இஞ்சின் முகப்பு முழுவதும் கரித்தூள் படிந்தது. துடைத்த துணியை உதறினால் கை கறுத்தது. சொன்னேன். "பெல்ட்டை இறுக்குங்கள்" என்றார்கள். இறுக்கினேன். இன்னும் இறுக்கச் சொன்னார்கள். இன்று அதே பெல்ட்டில் ஓடும் தண்ணீர்ப் பம்பின் பேரிங் கரகரவென்று சத்தம் போடுகிறது. 100 ஆம்பியரைத் தாண்டினால் ஒற்றை வி-பெல்ட் தாங்காது, பல பள்ளமுள்ள பெல்ட்டும் அதற்கேற்ற புல்லியும் (பெல்ட் ஓடும் சக்கரம்) வேண்டும் என்பது இந்தத் தொழிலில் இருக்கும் உங்களுக்குத் தெரியாதா? முழு வீச்சில் ஓடும்போது அந்த ஆல்டர்னேட்டர் இஞ்சினிடமிருந்து ஏறக்குறைய 5 குதிரைத்திறனை உறிஞ்சுகிறது. அத்தனையும் அந்த ஒரே பெல்ட் வழியாகத்தான் போக வேண்டும்.

பிறகு ஒருநாள் தீய்ந்த வாடை. ஆல்டர்னேட்டருக்குள் மின்னோட்டத்தை ஒரே திசையில் விடும் டையோடுகள் போய்விட்டன. வெப்பத்தால் வந்த சேதத்துக்கு உத்தரவாதம் கிடையாது என்கிறீர்கள்! வெப்பம் எங்கிருந்து வந்தது ஐயா? மின் உற்பத்தியைக் கட்டுப்படுத்தும், வெப்ப உணரியோடு கூடிய வெளி ரெகுலேட்டரை உங்கள் ஆட்கள் பொருத்தவே இல்லை. அது இருந்திருந்தால் சூடு ஏறும்போது மின் உற்பத்தியைத் தானே குறைத்திருக்கும்.

"கழற்றிக் கொண்டுவாருங்கள், உடனே சோதித்துத் தருகிறோம்" என்று உங்கள் சேவைப் பிரிவு சொன்னதை நம்பினேன். உடம்பை வளைக்க முடியாத இஞ்சின் அறையில் விரல் முட்டிகள் உரியக் கழற்றி, பினாங்குப் பாலத்து நெரிசலில் காத்துக் கிடந்து கடைக்கு வந்தால், முகப்பில் இருந்த இளைஞர் சுற்றியிருந்த நாளிதழைக்கூடப் பிரிக்கவில்லை. சோதிக்கும் கருவி ஷா ஆலாமில்தான் இருக்கிறதாம். இதைத் தொலைபேசியிலேயே சொல்வதற்கென்ன? கேட்டேன். கைப்பேசியிலிருந்து கண்ணை எடுக்காமல், "இதை வாங்கிய லாரிக்காரர்கள் யாரும் குறை சொல்லவில்லை அங்கிள். படகு வாங்கத் தெரிந்தவருக்கு இதெல்லாம் தெரியாதா?" என்றார். என் பேத்தி பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். இந்த வயதில் இப்படியொரு பேச்சை நான் யாரிடமும் கேட்டதில்லை.

அவருக்கு நீங்களாவது சொல்லிக்கொடுங்கள். லாரியில் இருப்பது ஈய அமில பேட்டரி. அது நிரம்ப நிரம்ப மின்னோட்டத்தைக் குறைத்துக்கொள்ளும். லித்தியம் பேட்டரி அப்படியல்ல, ஏறக்குறைய நிரம்பும்வரை கொடுப்பதையெல்லாம் இழுத்துக்கொண்டே இருக்கும். ஆல்டர்னேட்டர் மணிக்கணக்கில் முழுச்சுமையில் வேகும்.

பள்ளி விடுமுறை முழுவதும் படகு அசையவில்லை. குடும்பத்தோடு லங்காவி போவதாக இருந்தது, அதுவும் நடக்கவில்லை. இஞ்சினின் பாதி ஆயுளையே நீங்கள் தின்றுவிட்டீர்கள். இந்த ஆண்டே எனக்குப் பாழ்.

உங்களோடு மல்லுக்கு நிற்பது என் நோக்கமல்ல. ஆல்டர்னேட்டரின் விலையையும் பொருத்துகூலியையும் திருப்பித் தாருங்கள். பம்பைப் பழுதுபார்க்கும் செலவை ஏற்றுக்கொள்ளுங்கள். அல்லது உரிய பெல்ட், புல்லி, வெளி ரெகுலேட்டர் எல்லாவற்றோடும் புதியதை உங்கள் செலவிலேயே பொருத்திக் கொடுங்கள். அந்த இளைஞர் என்னிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும்.

வாங்குபவர் சொன்ன பயன்பாட்டுக்குப் பொருள் ஏற்றதாக இருக்க வேண்டும் என்கிறது 1999ஆம் ஆண்டின் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம். பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் 50,000 ரிங்கிட் வரை கோரலாம், மனுவுக்குக் கட்டணம் 5 ரிங்கிட்தான். நான் எழுதிக் கொடுத்த தாளின் நகல், ரசீது, கரித்தூள் படிந்த இஞ்சினின் படங்கள் எல்லாம் என்னிடம் பத்திரமாக இருக்கின்றன. இம்மாத இறுதிக்குள், பொறுப்பான ஒருவரின் கையொப்பத்தோடு பதில் வராவிட்டால் மனு போய்ச் சேரும். பினாங்கு பயனீட்டாளர் சங்கத்துக்கும் ஒரு பிரதி போகும்.

தயவுசெய்து அந்த நிலைக்கு என்னைத் தள்ளாதீர்கள்.

இப்படிக்கு,
படகு உரிமையாளர்,
பத்து மாவுங், பினாங்கு