முதல் தவணைச் செய்திகளும் திடலோரம் குறித்த ஒரு வேண்டுகோளும்

மதிப்பிற்குரிய பெற்றோர்களுக்கு,

வணக்கம். தவணை முடிய இரண்டு வாரமே இருக்கிறது. முதலாம் ஆண்டுப் பிள்ளைகள் வாசலில் நின்று அழுவதை விட்டுவிட்டு இப்போது சிற்றுண்டிச்சாலை வரிசையில் முந்தப் பார்க்கிறார்கள். பள்ளி பழகிவிட்டது. திருக்குறள் மனனப் போட்டியிலும் கதை சொல்லும் போட்டியிலும் நம் மாணவர்கள் மாவட்ட அளவில் கலந்துகொண்டு பள்ளிக்குப் பெருமை சேர்த்தார்கள். வகுப்புசார் மதிப்பீட்டு அறிக்கை தவணையின் கடைசி வாரத்தில் உங்கள் கைக்கு வரும். நூலகத்துக்கு மின்விசிறிகள் வாங்கிக் கொடுத்த பெற்றோர் ஆசிரியர் சங்கத்துக்கு நன்றி. மாணவர் கழிப்பறைக் குழாய்களும் ஒருவழியாக மாற்றப்பட்டுவிட்டன.

இனி காற்பந்து.

கடந்த சனிக்கிழமை நடந்த மாவட்ட அரையிறுதியில், 12 வயதுக்குட்பட்ட நம் ஆண்கள் குழு பக்கத்துத் தமிழ்ப்பள்ளியை 2-1 என்று வென்று இறுதியாட்டத்துக்குப் போயிருக்கிறது. மூன்று வாரத்துக்கு முன்பு பிரிவு ஆட்டத்தில் இதே குழுவிடம்தான் 0-3 என்று தோற்றோம். அந்த மூன்று கோல்களில் இரண்டு, மூலை உதையில் (கார்னர்) வந்தவை. நம் பிள்ளைகள் எல்லாரும் பந்தையே பார்த்தபடி கோல் வாசலில் குவிந்து நிற்க, பின்னாலிருந்து ஓடிவந்தவனை யாரும் பார்க்கவில்லை. மூன்றாவது கோலுக்கு நாமே உதவினோம். நம் கோல் வாசலிலிருந்து பந்தை மறுபடி ஆட்டத்துக்குள் அனுப்பும் கோல் உதை நேராக எதிராளியின் காலுக்குப் போனது.

பயிற்றாசிரியர் இந்த இரண்டை மட்டுமே சரிசெய்ய எடுத்துக்கொண்டார். மூலை உதைக்கு அருகிலுள்ள கம்பத்தில் ஒருவன், அவனுக்கு நான்கு எட்டு முன்னால் இன்னொருவன், மற்றவர்கள் ஆளுக்கு ஓர் எதிராளியைக் கைநீட்டினால் தொடும் தூரத்தில். கோல்காவலன் "என் பந்து" என்று குரல் கொடுத்தால் எல்லாரும் வழிவிட வேண்டும். கோல் உதையைத் தூக்கி அடிப்பதை நிறுத்தினார்கள். 2019இல் மாறிய விதிப்படி, பந்து கோலுக்கு முன்னுள்ள பெனால்டி பெட்டியை விட்டு வெளியே வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை, நம் ஆட்டக்காரன் பெட்டிக்குள்ளேயே வாங்கிக்கொள்ளலாம். அதைப் பயன்படுத்திக் குறுகிய பாஸில் தொடங்கப் பழகினார்கள். வாரத்துக்கு மூன்று மாலை, ஒவ்வொரு மாலையும் மூலை உதை மட்டும் இருபது தடவை. அரையிறுதியில் எதிரணிக்கு ஏழு மூலை உதைகள் கிடைத்தன. ஒன்றும் கோலாகவில்லை. நம் முதல் கோல், நம் கோல் உதையில் தொடங்கி ஆறு பாஸில் முடிந்தது. பிள்ளைகளுக்கும் பயிற்றாசிரியருக்கும் திங்கட்கிழமை சபைக்கூடலில் பாராட்டு நடந்தது. அவர்கள் அதற்குத் தகுதியானவர்கள்.

அன்று திடலுக்குள் நடந்தது இவ்வளவு. திடலோரத்தில் நடந்ததைப் பற்றியும் உங்களோடு பேச வேண்டியிருக்கிறது.

ஆட்டத்தைப் பார்க்க நம் பக்கம் அறுபது பேருக்குக் குறையாமல் வந்திருந்தீர்கள். பினாங்கில் உள்ள பிறை நகரத் தொழிற்சாலைகளில் இரவு வேலை முடித்துச் சீருடையோடு நேராக வந்தவர்களும் அதில் உண்டு. பிள்ளைக்காக இப்படி வரும் பெற்றோரைக் கொண்ட பள்ளி பாக்கியம் செய்தது. முதல் பாதியில் எல்லாரும் நிழலில்தான் நின்றீர்கள். இரண்டாவது கோல் விழுந்ததும் கூட்டம் மெல்ல முன்னால் நகர்ந்தது. பிறகு பக்கக் கோட்டின் மீதே நின்றது. துணை நடுவர் ஓட வேண்டிய பாதை அது. பந்து எறிபவன் இரு பாதங்களையும் கோட்டிலோ அதற்கு வெளியிலோ வைத்து, இரு கைகளாலும் தலைக்குப் பின்னாலிருந்து எறிய வேண்டும். பின்னால் ஆள் நின்றால் உடலை வளைக்க இடம் கிடையாது, எறிவது தவறாகிவிடும். அன்று நம் மாணவன் எறிந்த இரண்டு பந்துகள் அப்படித்தான் எதிரணிக்குப் போயின. நடுவரை யாரும் குறை சொல்ல முடியாது.

இரண்டாம் பாதியின் நடுவில், கையில் பட்டது என்று ஒரு சத்தம் எழுந்தது. ஒரு தந்தை கோட்டைத் தாண்டித் திடலுக்குள் போய்விட்டார். நடுவர் ஊதி ஆட்டத்தை நிறுத்தினார். நான்கு நிமிடம். இன்னொரு முறை நடந்தால் ஆட்டத்தையே கைவிடுவேன் என்று நம் குழு நிர்வாகியை எச்சரித்தார். விதிமுறை அவருக்கு அந்த அதிகாரத்தைக் கொடுத்திருக்கிறது. 2-0 என்று முன்னணியில் இருந்த ஆட்டம் அங்கேயே முடிந்து, முடிவு மாவட்டப் பள்ளிகள் விளையாட்டு மன்றத்தின் கைக்குப் போயிருக்கும். மூன்று வார உழைப்பு, ஒரு பெரியவரின் பத்து எட்டில்.

ஆட்டம் மறுபடி தொடங்கிய இரண்டாவது நிமிடம் நாம் கோல் வாங்கினோம். வெயிலில் நான்கு நிமிடம் நின்ற பிள்ளைகளுக்கு உடம்பு தளர்ந்துவிட்டது. தற்காப்பில் நின்ற இருவர் தங்கள் ஆளைப் பார்க்காமல் கூட்டத்தில் அப்பாவையும் அம்மாவையும் தேடிக்கொண்டிருந்தார்கள்.

அந்தத் தந்தையிடம் நேரில் பேசிவிட்டேன், அவரும் வருத்தம் தெரிவித்தார். அது முடிந்த விஷயம். ஆனால் கோட்டைத் தாண்டியவர் ஒருவர் என்றால், கோடு வரைக்கும் வந்து நின்றவர்கள் நாற்பது பேர். இந்தக் கடிதம் அந்த நாற்பது பேருக்கு.

கத்துவதால் என்ன கெடுகிறது என்று சிலர் கேட்டார்கள். சொல்கிறேன். ஓடுகிற பிள்ளைக்கு ஒரு நொடியில் ஒரு குரலைத்தான் கேட்டுச் செய்ய முடியும். பயிற்றாசிரியர் "பொறு" என்கிறார், அப்பா "அடிடா" என்கிறார், மாமா "பாஸ் குடு" என்கிறார். பிள்ளை மூன்றையும் விட்டுவிட்டு நின்றுவிடுகிறான், பந்து பறிபோகிறது. தற்காப்பு ஆட்டக்காரனிடம் "அடி, அடி" என்றால் அவன் கண்ணை மூடிக்கொண்டு தூக்கி அடிப்பான், அது எதிரணியின் நடுத்திடலில் விழுந்து பத்து நொடியில் திரும்பி வரும். தாக்குதலில் ஆடும் பிள்ளையை "முன்னாடி போ" என்று விரட்டியதால் அன்று அவன் ஐந்து முறை ஆஃப்சைடில், அதாவது எதிரணியின் தற்காப்பைத் தாண்டி முன்னால் நின்ற தவறில், மாட்டினான். எல்லாவற்றையும்விட மோசம், கோல்காவலனின் குரல் அமுங்கிப்போவது. "என் பந்து" என்று அவன் சொன்னது கேட்காமல் நம் பிள்ளையே அவன் மேல் மோதினால் கோல் போவது சின்ன இழப்பு. இரண்டு தலைகள் மோதிக்கொள்வதை நினைத்துப் பாருங்கள்.

இன்னொன்று. நமக்கு ஃப்ரீகிக் கிடைத்தபோது "ஃபைஸ் சுப்ரி மாதிரி அடி" என்று ஒரு குரல். நம் பினாங்குக் குழுவுக்காக 2016இல் பகாங்குக்கு எதிராக மாநகர அரங்கத்தில் அவர் அடித்த அந்த வளைவு உதைக்கு ஆண்டின் சிறந்த கோலுக்கான ஃபிஃபாவின் புஸ்காஸ் விருது கிடைத்தது, எல்லாருக்கும் தெரியும், எனக்கும் பெருமைதான். ஆனால் சிறுவர்களுக்கான நான்காம் எண் பந்தை உதைக்கும் பதினொரு வயதுக் காலுக்குப் பயிற்றாசிரியர் திட்டமிட்டிருந்தது வலது பக்கம் ஒரு சின்ன பாஸ். பையன் குரலைக் கேட்டான். பந்து வேலியைத் தாண்டிக் கால்வாயில் விழுந்தது.

நடுவரைப் பற்றியும் ஒரு வார்த்தை. அவர் வேறொரு பள்ளி ஆசிரியர், தம் சனிக்கிழமையைக் கொடுத்து வந்தவர். "ரெஃப்ரி, கண்ணு தெரியலையா" என்று கேட்கும் முன் சிலவற்றைத் தெரிந்துகொள்ளலாம். பந்து கையில் பட்டதெல்லாம் தவறாகாது. உடலோடு ஒட்டி இயல்பாக இருக்கும் கையில் தெரியாமல் பட்டால் ஆட்டம் தொடரும். மூலை உதை, கோல் உதை, பக்கக் கோட்டு எறிதல் இவற்றிலிருந்து நேராகப் பந்தை வாங்குபவனுக்கு ஆஃப்சைட் கிடையாது. மற்ற நேரங்களில், சக ஆட்டக்காரன் பந்தைத் தொடும் கணத்தில் அவன் எங்கே நின்றான் என்பதுதான் கணக்கு, வாங்கும்போது எங்கே நின்றான் என்பது அல்ல. அதைத் துல்லியமாகப் பார்க்கக் கடைசித் தற்காப்பு ஆட்டக்காரனுக்கு நேர்கோட்டில் நிற்க வேண்டும். துணை நடுவர் அங்கே நிற்கிறார். நாம் பதினைந்து மீட்டர் தள்ளிச் சாய்வாக நிற்கிறோம். நம் கண்ணுக்கு அது எப்போதும் தவறாகவே தெரியும். தவறு நடந்தும் நடுவர் ஊதவில்லை என்றால், பந்து நம்மிடமே இருப்பதால் ஆட்டத்தைத் தொடர விட்டிருக்கிறார் என்று பொருள். நம் இரண்டாவது கோல் அப்படி வந்ததுதான். அப்போது யாரும் கேள்வி கேட்கவில்லை.

கடைசி நிமிடத்தில் சமன் செய்யும் வாய்ப்பைத் தவறவிட்டு அழுத எதிரணிப் பையனின் காணொளி அன்று மாலையே நம் பெற்றோர் புலன (வாட்ஸ்அப்) குழுவில் வந்தது, சிரிப்பு முகங்களோடு. இதை நான் மென்மையாகச் சொல்லப் போவதில்லை. பிறர் பிள்ளை அழுவதைப் படம் பிடித்துப் பரப்புவது தவறு. அதை நீக்கச் சொன்னேன், நீக்கினார்கள். அப்பள்ளித் தலைமையாசிரியரை அழைத்துப் பள்ளியின் சார்பில் மன்னிப்புக் கேட்டேன். அந்தப் பையனும் நம் ஆறாம் ஆண்டுப் பையன்களும் அடுத்த ஆண்டு ஒரே இடைநிலைப்பள்ளியில் சேரப் போகிறவர்கள். ஒரே குழுவில் ஆடவும் வேண்டியிருக்கும்.

வரும் சனிக்கிழமை இறுதியாட்டத்துக்கு, கோட்டிலிருந்து மூன்று மீட்டர் தள்ளிக் கயிறு கட்டுவோம். பார்வையாளர்கள் கயிற்றுக்கு வெளியே, நம் குழு உட்காரும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கம் மட்டும் நிற்க வேண்டும். கோல் கம்பங்களுக்குப் பின்னால் யாரும் வேண்டாம். கோல்காவலனுக்கு ஆலோசனை சொல்ல அங்கே நிற்பவர்கள் நல்ல மனத்தோடுதான் நிற்கிறார்கள், ஆனாலும் வேண்டாம். கைதட்டலாம், பள்ளியின் பெயரைச் சொல்லி உற்சாகப்படுத்தலாம். எங்கே ஓடு, யாருக்குக் கொடு என்பதெல்லாம் பயிற்றாசிரியருடையது. தண்ணீரை நிர்வாகியிடம் கொடுத்துவிடுங்கள், இடைவேளையில் அவர் கொடுப்பார். உங்கள் பிள்ளையைப் படம் எடுக்கலாம், மற்றப் பள்ளிப் பிள்ளைகளின் படத்தை எங்கும் பதிவேற்றக் கூடாது. ஆட்டம் முடிந்ததும் கைகுலுக்கி, தசைகளைத் தளர்த்தும் பயிற்சியை முடித்த பிறகுதான் பிள்ளைகள் உங்களிடம் வருவார்கள். பத்து நிமிடம் பொறுங்கள். காரில் ஏறியதும் ஏன் அந்தப் பந்தை விட்டாய் என்று தொடங்க வேண்டாம். பசிக்கிறதா என்று கேளுங்கள், அது போதும்.

யாராவது கயிற்றைத் தாண்டினால், நடுவர் ஊதும்வரை நான் காத்திருக்க மாட்டேன். அவரைத் திடலை விட்டு வெளியே போகச் சொல்வேன். மறுத்தால், மாநில அளவுக்குத் தேர்வானாலும் நம் குழு பார்வையாளர் இல்லாமல்தான் போகும். இது குறித்துப் பெற்றோர் ஆசிரியர் சங்கத் தலைவரிடமும் பேசி முடிவெடுத்தாகிவிட்டது. பெற்றோர் செய்த தவறுக்காக எந்தப் பிள்ளையையும் குழுவிலிருந்து நீக்க மாட்டேன். அந்தப் பயம் யாருக்கும் வேண்டாம்.

இவ்வளவு கண்டிப்பாக எழுதியது மனத்துக்குக் கஷ்டமாகத்தான் இருக்கிறது, ஏனென்றால் இந்தக் குழுவைச் சுமந்து வந்தவர்களும் நீங்கள்தான். பயிற்சி முடியும் ஆறரை மணிக்குத் தங்கள் பிள்ளையோடு வேறு மூன்று பேரையும் ஏற்றிக்கொண்டு போய் வீட்டில் விடும் அம்மா ஒருவர் இருக்கிறார். சேறாகும் ஜெர்சிகளை வாரம் தவறாமல் துவைத்து மடித்து அனுப்புகிறவர் ஒருவர். இடைவேளைக்குப் பழம் நறுக்கி ஐஸ் பெட்டியில் கொண்டுவருபவர்கள், கணைக்கால் பட்டையும் (ஷின் கார்டு) காலுறையும் வாங்க முடியாத இரு பிள்ளைகளுக்குப் பெயர் சொல்லாமல் வாங்கிக் கொடுத்தவர். உங்கள் எல்லாருக்கும் பள்ளியின் மனமார்ந்த நன்றி. அப்பா கத்தாமல் கைதட்டிக்கொண்டு நிற்பதைத் திடலிலிருந்து பார்க்க எந்தப் பிள்ளைக்கும் பிடிக்கும்.

பேருந்து சனிக்கிழமை காலை 6.45க்குப் பள்ளி வாசலிலிருந்து புறப்படும். ஆட்டம் 9.00 மணிக்கு. காலை உணவை ஏழு மணிக்குள் முடித்துவிட வேண்டும். ரொட்டி, அவித்த முட்டை, வாழைப்பழம் போதும். தேங்காய்ப்பாலில் சமைத்த நாசி லெமாக் சோறு வயிற்றில் நெடுநேரம் கிடக்கும், ஓடும்போது குமட்டும். ஆளுக்கு ஒன்றரை லிட்டர் தண்ணீர், ஒரு மாற்றுச் சட்டை, கணைக்கால் பட்டை இருக்கிறதா என்று வெள்ளிக்கிழமை இரவே பார்த்துவிடுங்கள். ஒப்புதல் படிவத்தைப் புதன்கிழமைக்குள் வகுப்பாசிரியரிடம் கொடுக்கவும்.

நன்றி.

இக்கண்,
தலைமையாசிரியர்

பி.கு.: அரையிறுதி முடிந்து திடலில் கிடந்த ஒரு நீலத் தண்ணீர்ப் புட்டியும் இரண்டு காற்பந்துக் காலணிகளும் அலுவலகத்தில் இருக்கின்றன. காலணிகள் இரண்டும் வலது கால். யாரோ இரண்டு பிள்ளைகள் வீட்டில் இரண்டு இடது கால்களோடு இருக்கிறார்கள். தயவுசெய்து தேடிப் பாருங்கள்.