பதினாறு புள்ளியில் வந்த வெற்றி: கல்லூரிக் கால்பந்து ப்ளே-ஆஃப் தேர்வுக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தேர்வுக் குழு உறுப்பினர்களுக்கு,

வணக்கம். ஒவ்வோர் ஆண்டும் நவம்பர் பிறந்ததும் நீங்கள் டெக்ஸஸ் மாநிலத்தின் கிரேப்வைன் நகரில் ஒரு விடுதியில் கூடி, வாரந்தோறும் தரவரிசை வெளியிடுகிறீர்கள். பந்தைக் கையில் ஏந்தி ஓடியும் வீசியும் ஆடும் அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தில் எந்த அணி தேசியப் பட்டத்துக்கு மோதலாம், எது வீட்டில் உட்கார்ந்து தொலைக்காட்சியில் பார்க்க வேண்டும் என்பது அந்த அறையில்தான் முடிவாகிறது. அந்த முடிவுகளில் எனக்கு உள்ள ஒரு குறையைச் சொல்லவே இதை எழுதுகிறேன். புள்ளிகளைக் குவிக்கும் அணியை நீங்கள் எளிதில் நம்பிவிடுகிறீர்கள். எதிரணியைப் புள்ளி எடுக்க விடாத அணியிடம் மட்டும் கூடுதலாக ஒரு சான்று கேட்கிறீர்கள்.

இந்த ஆட்டத்தை அதிகம் பார்த்திராத தமிழ் வாசகர்களும் இதைப் படிப்பார்கள் என்பதால் ஒன்றை மட்டும் சொல்லிவிட்டுத் தொடர்கிறேன். இங்கே தாக்கும் பதினொருவரும் தடுக்கும் பதினொருவரும் வேறு வேறு ஆட்கள். பந்து கைமாறியதும் களத்தில் உள்ள ஆட்களே மாறிவிடுவார்கள். ஆகவே ஓர் அணியின் தாக்குதல் சிறப்பாகவும் தற்காப்பு படுமோசமாகவும் இருப்பது, இதிலே அன்றாடம் நடக்கக்கூடியது.

உங்கள் குழுவின் இரண்டு முடிவுகளை அருகருகே வைத்துப் பார்க்க வேண்டுகிறேன். 2014, நான்கு அணிகள் பட்டத்துக்கு மோதும் ப்ளே-ஆஃப் தொடங்கிய முதல் ஆண்டு. ஓஹாயோ ஸ்டேட் அணியின் முதல் குவார்ட்டர்பேக் (தாக்குதலை நடத்திப் பந்தை வீசுபவர்) பிராக்ஸ்டன் மில்லர் பருவம் தொடங்கும் முன்பே காயமடைந்தார். அவருக்குப் பதிலாக வந்த ஜே. டி. பாரெட் மிச்சிகனுக்கு எதிரான ஆட்டத்தில் கணுக்காலை முறித்துக்கொண்டார். மூன்றாம் இடத்தில் காத்திருந்த கார்டேல் ஜோன்ஸ், பிக் டென் என்ற மாநாட்டின் (பல்கலைக்கழக அணிகள் சேர்ந்த லீகின்) பட்டத்துக்கான ஆட்டத்தில் முதன்முறையாகத் தொடக்கத்திலிருந்தே இறங்கினார். ஓஹாயோ ஸ்டேட் விஸ்கான்சினை 59-0 என்று வென்றது. அதுவரை ஐந்தாம் இடத்தில் இருந்த அந்த அணியை நான்காம் இடத்துக்கு ஏற்றி உள்ளே எடுத்தீர்கள். அந்த அணி பட்டத்தையும் வென்று உங்கள் முடிவைச் சரி என்று காட்டியது. எனக்கு அதில் மகிழ்ச்சிதான்.

இனி 2023. ஃப்ளோரிடா ஸ்டேட்டின் ஜோர்டன் டிராவிஸ் நவம்பரில் காலில் பலத்த காயமடைந்தார். அடுத்தவரும் அடிபட்டதால், ஏசிசி என்ற மாநாட்டின் பட்டத்துக்கான ஆட்டத்தில் பிராக் க்ளென் என்ற முதலாண்டு மாணவர், மூன்றாம் இடத்துக் குவார்ட்டர்பேக், களமிறங்கினார். ஃப்ளோரிடா ஸ்டேட் லூயிவிலை 16-6 என்று வென்று, 13 ஆட்டங்களில் ஒன்றுகூடத் தோற்காமல் வந்து நின்றது. மறுநாள் நீங்கள் அதை ஐந்தாம் இடத்தில் வைத்தீர்கள். பெரிய மாநாடு ஒன்றின் தோல்வியறியாத சாம்பியன் ப்ளே-ஆஃபுக்கு வெளியே நின்றது அதுவே முதல்முறை. டிராவிஸ் இல்லாத அணி வேறு அணி என்பது உங்கள் தலைவர் அப்போது தந்த விளக்கம்.

இரண்டிலும் முதல்நிலைக் குவார்ட்டர்பேக் இல்லை. இரண்டிலும் மாநாட்டுப் பட்டம் கையில் இருந்தது. இரண்டிலும் எதிரணியால் ஒரு டச்டவுன் (பந்தை எதிரணியின் எல்லைக்கோட்டுக்குள் சேர்த்து ஆறு புள்ளி எடுப்பது) கூடப் போட முடியவில்லை. விஸ்கான்சினின் மெல்வின் கார்டன் அந்தப் பருவத்தில் 2,000 யார்டுக்கு மேல் ஓடியவர். அவரை ஓஹாயோ ஸ்டேட்டின் தற்காப்பு 76 யார்டில் நிறுத்தியது. லூயிவிலின் தாக்குதலை ஃப்ளோரிடா ஸ்டேட் இரண்டு ஃபீல்டு கோலோடு (பந்தை உதைத்து எடுக்கும் மூன்று புள்ளி) முடக்கியது. இரு அணிகளின் தற்காப்பும் செய்த வேலை ஏறக்குறைய ஒன்றே. ஒரு பக்கம் 59, மறு பக்கம் 16 என்பதுதான் கண்ணில் படுகிற வேறுபாடு. முக்கிய ஆட்டக்காரர் இல்லாததைக் கணக்கில் எடுக்க உங்கள் விதிமுறை இடம் தருகிறது, மறுக்கவில்லை. ஆனால் அதே விதிமுறை, பொது எதிரணிகளோடு ஒப்பிடும்போது வெற்றி வித்தியாசத்தை ஊக்குவிக்கக் கூடாது என்றும் சொல்கிறதே! அந்தச் சொற்கள் எழுதப்பட்டதன் நோக்கத்தை நீங்கள் 2023இல் மதித்ததாக எனக்குத் தோன்றவில்லை.

பின்னர் பருவ முடிவில் நடக்கும் ஆரஞ்சு போல் ஆட்டத்தில் ஜார்ஜியா அதே ஃப்ளோரிடா ஸ்டேட்டை 63-3 என்று நொறுக்கியதைக் காட்டி, குழு சொன்னது சரிதானே என்பவர்கள் உண்டு. அந்த ஆட்டத்துக்கு ஃப்ளோரிடா ஸ்டேட்டின் இருபதுக்கும் மேற்பட்ட ஆட்டக்காரர்கள் வரவில்லை. பட்ட வாய்ப்புப் பறிபோன பின் ஆடிய அரை அணியை வைத்து முழு அணியின் தகுதியை எடைபோடுவது முறையாகாது.

குவார்ட்டர்பேக் இல்லாத தற்காப்பு அணி தாங்காது என்கிறீர்கள். தற்காப்பு இல்லாத குவார்ட்டர்பேக் அணி மட்டும் எவ்வளவு தாங்கியது? ஓக்லஹோமாவை எடுத்துக்கொள்ளுங்கள். லிங்கன் ரைலி தலைமைப் பயிற்சியாளராக இருந்தபோது அந்த அணியை மூன்று ஆண்டுகள் தொடர்ந்து நான்கு அணிகளில் ஒன்றாகத் தேர்ந்தெடுத்தீர்கள். 2017இல் பேக்கர் மேஃபீல்டு, 2018இல் கைலர் மர்ரி, இருவரும் ஆண்டின் சிறந்த ஆட்டக்காரருக்கான ஹெய்ஸ்மன் விருது பெற்றவர்கள். 2019இல் ஜேலன் ஹர்ட்ஸ் அந்த விருதில் இரண்டாம் இடம். இதைவிடச் சிறந்த குவார்ட்டர்பேக் வரிசை எந்த அணிக்கும் அடுத்தடுத்து வாய்த்ததில்லை என்றே நினைக்கிறேன். மூன்று அரையிறுதியிலும் தோல்வி: ஜார்ஜியாவிடம் 54-48, அலபாமாவிடம் 45-34, எல்எஸ்யுவிடம் (லூயிசியானா ஸ்டேட்) 63-28. விட்டுக்கொடுத்த புள்ளிகளைக் கூட்டினால் 162, அதாவது ஆட்டத்துக்கு 54.

முதல் தோல்வியை நான் இன்னும் ரசித்துப் பார்ப்பதுண்டு. இடைவேளையில் ஓக்லஹோமா 31-17 என்று முன்னிலை. சமநிலைக்குப் பின் வந்த இரண்டாம் கூடுதல் ஆட்டத்தில் ஜார்ஜியாவின் லொரென்சோ கார்ட்டர் எம்பி அதன் ஃபீல்டு கோலைத் தட்டிவிட்டார். அடுத்து சோனி மிஷெல் நேரே பந்தை வாங்கி 27 யார்டு ஓடி ஆட்டத்தை முடித்தார். அவ்வளவு புள்ளி குவிந்த ஆட்டத்தில் முடிவுக்கு வழி திறந்தது ஒரு தடுப்புதான். மறு ஆண்டு அலபாமாவுக்கு எதிராக இரண்டாம் கால்பகுதி தொடங்கிய சிறிது நேரத்திலேயே 28-0 என்று பின்தங்கியது. அதன்பின் மர்ரி எவ்வளவு அழகாக ஆடினாலும் துரத்துவதைத் தவிர வழியில்லை. அந்தப் பருவத்தின் நடுவிலேயே, டெக்ஸஸிடம் 48-45 என்று தோற்றதும் தற்காப்புப் பயிற்சியாளரை ஓக்லஹோமா நீக்கியிருந்தது. நோய் எங்கே என்று அந்த அணிக்கே தெரிந்திருந்தது.

முதல்நிலைப் பிரிவில் ஓர் ஆட்டத்தில் அதிகபட்சமாகப் பந்து வீசி எடுத்த யார்டுகள் 734. அந்தச் சாதனை இருவருக்குச் சொந்தம்: 2014இல் வாஷிங்டன் ஸ்டேட்டின் கானர் ஹாலிடே, 2016இல் டெக்ஸஸ் டெக்கின் பேட்ரிக் மஹோம்ஸ். முன்னவர் கலிபோர்னியாவிடம் 60-59 என்றும், பின்னவர் ஓக்லஹோமாவிடம் 66-59 என்றும் தோற்றார்கள். மஹோம்ஸ் ஆடிய அந்த ஆட்டத்தில் இரு அணிகளும் ஆளுக்குச் சரியாக 854 யார்டு எடுத்தன. டெக்ஸஸ் டெக் அந்தப் பருவத்தை 5 வெற்றி, 7 தோல்வியோடு முடித்தது. பின்னாளில் தொழில்முறை லீகையே ஆளப்போகிறவர் கையில் பந்து இருந்தும் இதுதான் கதி.

தடுப்பது ஏன் இவ்வளவு அரிதாகிவிட்டது என்பதற்கு விதிகளும் ஒரு காரணம். ஓட்டமா வீச்சா என்று கடைசி நொடியில் முடிவெடுக்கும் ஆட்டங்களில், முன்வரிசைக்காரர்கள் மூன்று யார்டு வரை முன்னேறலாம் என்று கல்லூரி விதி அனுமதிக்கிறது. தொழில்முறை லீகில் அது ஒரே யார்டு. ஒவ்வோர் ஆட்டத்தையும் தொடங்கப் பந்தை வைக்கும் எல்லையான இரு உள்கோடுகளுக்கு நடுவிலான இடைவெளியும் கல்லூரியில் இரண்டு மடங்குக்கு மேல். இந்தச் சாய்ந்த களத்தில் எதிரணியைத் தொடர்ந்து பத்துச் சொச்சம் புள்ளியில் நிறுத்தும் அணி எதைச் சாதிக்கிறது என்பதை எண்ணிப் பாருங்கள்.

அதை அளக்கும் முறையிலும் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. ஆட்டத்துக்கு எத்தனை புள்ளி என்ற சராசரி பல நேரங்களில் ஏமாற்றும். ஓர் அணிக்கு ஓர் ஆட்டத்தில் பந்து ஏறத்தாழ ஒரு டஜன் முறை கிடைக்கும். வேகமாக ஆடும் அணிகள் மோதினால் அது கூடும். ஓடி ஓடிக் கடிகாரத்தைக் கரைக்கும் அணி ஆடினால் குறையும். எதிரணிக்கு 15 முறை பந்து போய் 30 புள்ளி விட்ட தற்காப்பும், 10 முறை போய் 20 புள்ளி விட்ட தற்காப்பும் ஒரே தரம்தான். பட்டியலில் மட்டும் பின்னது வெகு மேலே நிற்கும். இது இரு பக்கமும் வெட்டும் என்பதை ஒப்புக்கொள்கிறேன்: மந்தமாக ஆடும் சில அணிகளின் தற்காப்பு, இருப்பதைவிடப் பெரிதாகத் தெரிவதும் இதனால்தான். கூடுதல் ஆட்டப் புள்ளிகளையும் தனியே பிரிக்க வேண்டும். 2018இல் டெக்ஸஸ் ஏ அண்ட் எம் எல்எஸ்யுவை 74-72 என்று வென்ற ஆட்டம் வழக்கமான நேரத்தில் 31-31 என்றுதான் நின்றது. மீதியெல்லாம் 25 யார்டு கோட்டிலிருந்து மாறி மாறித் தொடங்கிய ஏழு கூடுதல் ஆட்டங்களில் வந்தவை.

எனக்கு எதிராக முதலில் நீட்டப்படும் பெயர் 2019 எல்எஸ்யு என்பது தெரியும். ஜோ பர்ரோ 60 டச்டவுன் வீசினார். அணி 15 ஆட்டங்களில் 726 புள்ளி எடுத்தது. டெக்ஸஸுக்கு 38, அலபாமாவுக்கு 41, ஓல் மிஸ்ஸுக்கு 37 என்று விட்டும் எல்லாவற்றையும் வென்றது. உண்மையிலேயே வரம்பு மீறிய தாக்குதல் அது. ஆனால் ஓல் மிஸ் ஆட்டத்துக்குப் பின் அதன் தற்காப்பைப் பாருங்கள்: ஆர்கன்சாவுக்கு 20, ஏ அண்ட் எம்முக்கு 7, ஜார்ஜியாவுக்கு 10. இறுதி ஆட்டத்தில் 17-7 என்று முன்னே போன கிளெம்சன், அதன்பின் மொத்தமே 8 புள்ளிதான் எடுத்தது. வரலாற்றின் மிகச் சிறந்த தாக்குதல்களில் ஒன்றுக்கே, முடிவில் தற்காப்பு எழுந்து நிற்க வேண்டியிருந்தது.

மறு பக்கம் 2011 அலபாமா. நவம்பரில் எல்எஸ்யுவிடம் 9-6 என்று தோற்ற அணி, ஜனவரியில் அதே எல்எஸ்யுவை 21-0 என்று வென்றது. எல்எஸ்யு நடுக்கோட்டைத் தாண்டியதே ஒருமுறைதான். 2021 ஜார்ஜியா, மாநாட்டு இறுதியில் அலபாமாவிடம் 41 புள்ளி வாங்கியது; தேசிய இறுதியில் அதே அலபாமாவை நான்கு ஃபீல்டு கோல், ஒரு டச்டவுன் என்று 18இல் நிறுத்திப் பட்டம் வென்றது. அலபாமாவின் ஜேம்சன் வில்லியம்ஸ் பாதியில் காயமடைந்தது ஜார்ஜியாவுக்கு உதவியது என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆனாலும் அந்தத் தற்காப்பிலிருந்து ஐந்து பேர் அடுத்த வசந்தத்தில் தொழில்முறைத் தேர்வின் முதல் சுற்றிலேயே போனார்கள். குவார்ட்டர்பேக்கோ உதவித்தொகை இல்லாமல் அணியில் சேர்ந்த ஸ்டெட்சன் பென்னட்.

தற்காப்பு மட்டுமே போதும் என்று நான் வாதாடவில்லை. அப்படி வாதாடினால் அயோவாக்காரர்களே சிரிப்பார்கள். 2022இல் அந்த அணி சவுத் டகோட்டா ஸ்டேட்டை 7-3 என்று வென்றது, அதுவும் டச்டவுன் இல்லாமல், ஒரு ஃபீல்டு கோலும் இரண்டு சேஃப்டியும் (தற்காப்பு எடுத்துத் தரும் இரண்டு புள்ளி) கொண்டு! மறு ஆண்டு, ஆட்டத்துக்கு 25 புள்ளி எடுத்தாக வேண்டும் என்று தாக்குதல் பயிற்சியாளரின் ஒப்பந்தத்திலேயே எழுதினார்கள். அணி 10 ஆட்டங்களை வென்றது. பின் மிச்சிகனிடம் 26-0, டென்னசியிடம் 35-0 என்று தோற்றது. அத்தகைய அணியை ப்ளே-ஆஃபுக்கு எடுங்கள் என்று நான் கேட்கவில்லை. 2023இல் பட்டம் வென்ற மிச்சிகன்தான் என் அளவுகோல்: குவார்ட்டர்பேக் மைக்கேல் பெனிக்ஸின் வீச்சு அணியான வாஷிங்டனை ஒரே டச்டவுனில் நிறுத்தி, தன் பங்குக்கு 303 யார்டு ஓடி, 34-13 என்று முடித்த அணி.

ப்ளே-ஆஃபுக்குப் பன்னிரண்டு அணிகள் வந்தபின் தோல்வியறியாத சாம்பியன் வெளியே நிற்கும் நிலை இனி எளிதில் வராது என்று நீங்கள் சொல்லலாம். ஆனால் முதல் நான்கு இடத்தின் ஓய்வு வாரமும், அடுத்த நான்கு இடத்தின் சொந்த மைதானமும் இப்போது நேரே உங்கள் தரவரிசையைப் பொறுத்தவை. 2024இல் ஓஹாயோ ஸ்டேட் மிச்சிகனிடம் 13-10 என்று தோற்றபோது, தோற்றது அதன் தாக்குதல். 13 புள்ளி மட்டுமே விட்ட தற்காப்பு அப்படியே இருந்தது. எட்டாம் இடத்து அணியாக உள்ளே வந்து நான்கு ஆட்டங்களையும் வென்றது. தாக்குதலும் அந்த மாதத்தில் மீண்டது உண்மை. ஆனால் அரையிறுதியில், 21-14 என்று இருக்கையில், டெக்ஸஸ் ஒரு யார்டு தொலைவில் வந்து நின்றதே, அப்போது என்ன நடந்தது? பக்கவாட்டில் வீசி ஓடிய ஆட்டத்தில் டெக்ஸஸை ஏழு யார்டு பின்னே தள்ளினார்கள். கடைசியான நான்காம் முயற்சியில் ஜாக் சாயர், தன் பழைய அறைத்தோழர் க்வின் யூவர்ஸ் கையிலிருந்த பந்தைத் தட்டி எடுத்து 83 யார்டு ஓடினார்.

எனவே அடுத்த நவம்பரில் உங்கள் மேசைக்கு வரும் அட்டவணையில், பந்து கிடைத்த முறைக்கு எத்தனை புள்ளி எடுத்தது, எத்தனை விட்டது என்ற இரு பத்திகளையும் கூடுதல் ஆட்டங்களை நீக்கி அருகருகே வையுங்கள். குவார்ட்டர்பேக் காயத்துக்காக ஓர் அணியைக் கீழே இறக்கும்போது, அவர் இல்லாமல் அந்த அணியின் தற்காப்பு என்ன செய்தது என்பதையும் தரவரிசை வெளியாகும் செவ்வாய்க்கிழமை விளக்கத்தில் உங்கள் தலைவர் சொல்லட்டும். 16-6 என்ற வெற்றியில் 16ஐப் போலவே 6க்கும் உங்கள் அறையில் ஒருவராவது பொறுப்பேற்றுப் பேச வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
சனிக்கிழமைகளைத் தவறவிடாத ஒரு ரசிகன்