காவித்துணி கட்டிய பிறகு

கடலூர், மஞ்சக்குப்பம்
வைகாசி

அன்பு மகளுக்கு,

சியாங்மாய் மலையில் ஆனி பிறந்ததும் காடு வளர்க்க மரக்கன்று நடவு, கூடவே மரத்துக்குக் காவித்துணி கட்டும் சடங்கு என்று எழுதியிருந்தாய். அதற்குள் இந்தக் கடிதம் உன் கைக்கு வந்துவிட வேண்டும்.

மரத்துக்குக் காவி கட்டும் சடங்கு, தாய்லாந்தின் பாயாவ் மாகாணத்தில் 1988இல் பிக்கு மனாஸ் தொடங்கியது. துறவறம் மனிதர்க்கு மட்டும்தான், மரம் பிக்கு ஆகிவிடாது. ஆனாலும் அதில் கோடரி வைக்க யாருக்கும் கை வராது. புத்துப்பட்டு ஐயனார் கோயில் காட்டில் சுள்ளி ஒடிக்க நமக்குக் கூசுமே, அதே கூச்சம்தான். பருத்தித் துணியாகப் பார்த்து, கை நுழையும் அளவு தளர்த்திக் கட்டுங்கள். நைலான் கயிறு என்றால் மரம் பருக்கப் பருக்கப் பட்டையை அறுத்துவிடும்.

குழி வெட்டப் பிக்குகளைக் கூப்பிடாதே. மண்ணைத் தோண்டுவதும் செடியை அறுப்பதும் விநயம் என்னும் பிக்குகளின் ஒழுக்க நெறிப்படி அவர்களுக்குக் குற்றம். ஒப்புக்கொண்டு தீர்க்க வேண்டிய குற்றங்களான பாச்சித்திய விதிகளில் 10, 11. கடப்பாரையும் அரிவாளும் ஊரார் கையில்தான் இருக்க வேண்டும்.

குழி ஒரு அடி ஆழம், ஒரு அடி அகலம். கன்றுக்குக் கன்று 6 அடி விட்டால் ஏக்கருக்குச் சுமார் 1,200 பிடிக்கும். உள்ளூர் இனங்களில் 20 முதல் 30 வரை கலந்து நடுங்கள். அத்தி வகை கட்டாயம் வேண்டும். பழம் தின்ன வரும் பறவைகள் மற்ற விதைகளை எச்சத்தில் கொண்டுவந்து போடும். கன்று வளர்ந்த பையை இழுக்காமல் பிளேடால் கீறி எடு. அடியில் வேர் சுருண்டிருந்தால் நறுக்கிவிடு, இல்லாவிட்டால் பின்னால் காற்றுக்குச் சாயும். தண்டின் கழுத்து மண்ணில் புதைந்தால் அழுகும்.

நமக்கு ஐப்பசியில்தான் அடைமழை. அங்கே ஐப்பசியோடு மழையே முடிந்துவிடும். ஆனி தாண்டி நட்டால் வேர் இறங்க நாளிருக்காது.

கன்றைக் கொல்வது பெரும்பாலும் புல்தான். தர்ப்பை இனப் புல் சில வாரத்தில் கன்றை மூடிவிடும். அறுத்தால் போதாது. கன்றைச் சுற்றி ஒரு முழத்துக்கு விரலை விட்டுத் துழாவு. ஊசி முனையோடு வெள்ளையாக ஓடும் வேர்த்தண்டு தட்டுப்படும். ஒரு கணு தங்கினாலும் மறுபடி முளைக்கும். பிடுங்கியதை உதறிக் காயவைத்து, தண்டில் ஒட்டாமல் மூடாக்காகப் போடு. மழைக்காலத்தில் ஐந்து வாரத்துக்கு ஒரு களையெடுப்பு, இரண்டு வருஷம் விடாமல். தையில் 25 அடி அகலத்துக்குப் புல்லறுத்துத் தீத்தடுப்புக் கோடு போட்டாக வேண்டும். மாசி, பங்குனியில் ஒரே ஒரு தீ வந்தால் பட்ட பாடெல்லாம் சாம்பல்.

திருவிழாவுக்குக் காப்புக் கட்டினவர் ஊர் எல்லை தாண்டுவாரா? மரத்தில் கட்டும் காவித்துணியும் ஊருக்குக் கட்டிய காப்புதான். அதனால் சடங்கன்றே, கூட்டம் கலையுமுன், களைக்கும் தீக்காவலுக்கும் வீட்டுவாரியாக முறை போட்டுப் பெயர் எழுதி வாங்கிவிடு.

கார்த்திகையில் கன்றுகளை எண்ணிப் பார். பட்டுப்போனதைப் பிடுங்கி, வேர் சுருண்டதா, கழுத்து அழுகியதா, கரையான் அரித்ததா என்று தனித்தனியாகக் குறித்து எனக்கு எழுது.

அன்புடன்,
அப்பா