உரிக்கும் ரப்பர் கோட்டிங்: கேனில் உள்ள வழிமுறை குறித்த புகார்

அனுப்புநர்
கார் டீட்டெய்லிங் பட்டறை உரிமையாளர்,
கோயம்புத்தூர்.

பெறுநர்
மேலாளர்,
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு,
ஸ்பிரே கோட்டிங் தயாரிப்பு நிறுவனம்.

பொருள்: அலாய் வீலுக்கான உரிக்கும் ரப்பர் கோட்டிங் (மேட் கறுப்பு, 400 மி.லி.) – தவறான பயன்பாட்டு வழிமுறை – வீல் சேதம் – இழப்பீடும் லேபிள் திருத்தமும் கோருதல் தொடர்பாக.

ஐயா / அம்மையீர்,

வணக்கம். உங்கள் கேனுக்குள் இருக்கும் சரக்கில் எங்களுக்குக் குறை இல்லை. கேனின் மேல் அச்சிட்டிருக்கும் எழுத்தில்தான் குறை. அதில் உள்ளபடி செய்தால் கோட்டிங் நிற்காது. நிற்காதபோது உரிக்கவும் வராது. அதற்குப் பிறகு உங்கள் உதவி எண்ணில் சொன்ன யோசனையால் எங்கள் வீல் ஒன்று கெட்டிருக்கிறது.

லேபிளில் உள்ளவை இவை: இரண்டு கோட் போதும், ஒரு கேன் நான்கு வீலுக்கு வரும், சோப்புத் தண்ணீரில் கழுவித் துடைத்தால் போதும், நன்றாகக் காய்ந்தபின் மாஸ்கிங் டேப்பை எடுக்கவும், 30 நிமிடத்தில் வண்டியை ஓட்டலாம், வேண்டாதபோது கையால் உரித்துக்கொள்ளலாம். எங்கள் சொந்தக் காரின் வலப்பக்க இரண்டு வீல்களுக்கு இதன்படியே அடித்தோம். இடப்பக்க இரண்டுக்கும் அதே பேட்ச் கேனை எடுத்து, தொழிலில் நாங்கள் செய்யும் முறையில் அடித்தோம். ஒரே வண்டி, ஒரே சாலை, ஒரே தண்ணீர். வலப்பக்கம் ஓரம் கிளம்பி, ஸ்போக் மடிப்புகளில் தோல் தோலாகத் தொங்கியது. இடப்பக்கம் இன்று வரை அசையவில்லை. படங்களை இணைத்துள்ளோம்.

முதலில் கோட் கணக்கு. இந்த வகை ரப்பர் ஒரே தோலாக உரிய வேண்டுமானால் காய்ந்த படலம் குறைந்தது 150 மைக்ரான் (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) கனமாவது இருக்க வேண்டும். 200 இருந்தால் நல்லது. 16 அங்குல வீலின் முகப்பு வட்டம் மட்டும் 0.13 சதுர மீட்டர். நான்கு வீலுக்கு 0.52. அதன் மேல் 150 மைக்ரான் நிற்க 78 மி.லி. காய்ந்த ரப்பர் வேண்டும். ஸ்போக்கின் பக்கவாட்டு, விளிம்பின் உள்வளைவு எல்லாம் சேர்ந்தால் இது ஏறக்குறைய இரு மடங்காகும். ஸ்போக் இடைவெளி வழியே காற்றோடு போவது தனி. 400 மி.லி. கேனில் பெரும்பகுதி கரைப்பானும் அழுத்த வாயுவும்தான், இரண்டும் ஆவியாகிவிடும். ஒரே கேனில் நான்கு வீலுக்கும் இந்தக் கனம் எப்படி வரும்? வீலுக்கு ஒரு கேன், அதில் ஐந்து கோட் என்பதுதான் சரியான கணக்கு. விலை அதிகமாகத் தெரியும் என்று தயங்கி இதை மறைத்தால், வாங்கியவர் உரிக்கும்போது இரட்டிப்பாகச் செலவழிக்கிறார்.

அந்த ஐந்தும் ஒரே மாதிரி கோட் இல்லை. முதலாவது தூறல் போல: அடியில் உலோகம் பாதிக்குப் பாதி தெரிய வேண்டும். அந்தப் பிசுபிசுப்பின் மேல்தான் மற்றவை பிடித்து நிற்கும். எடுத்த எடுப்பில் கறுப்பாக மூட நினைப்பவருக்கு ஸ்போக்கின் கீழ் ஓரத்தில் வழிசல் நிச்சயம். இரண்டாவதிலிருந்து ஈரம் மின்னும் அளவுக்கு, 15 முதல் 20 செ.மீ. தூரத்தில், கையை நிறுத்தாமல் அடிக்க வேண்டும். தூரம் கூடினாலோ, ஓடி வந்து நின்ற வண்டியின் சூடு வீலில் இருந்தாலோ, துளிகள் போய்ச் சேரும் முன்பே காய்ந்து பரப்பு சொரசொரப்பாகிவிடும். அந்தச் சொரசொரப்பில் பிரேக் தூசி ஏறினால் கழுவினாலும் போகாது. கோட்டுக்குக் கோட் 15 முதல் 30 நிமிட இடைவெளி தேவை. தொடர்ந்து அடித்தால் கேன் சில்லிட்டு, அழுத்தம் குறைந்து, நாசில் துப்பத் தொடங்கும். ஆகவே இரண்டு கேன்களை மாற்றி மாற்றிப் பயன்படுத்த வேண்டும். கேனின் கடைசிச் சரக்கை மேல் கோட்டுக்கு வைத்துக்கொள்ளக் கூடாது. இவற்றில் ஒன்றையாவது லேபிளில் சொல்லியிருக்கிறீர்களா?

சோப்புத் தண்ணீர் பற்றி. வீலில் இருப்பது வெறும் மண் இல்லை. பிரேக் பேடிலிருந்தும் டிஸ்க்கிலிருந்தும் சூடாகப் பறந்து வந்து பதிந்த இரும்புத் துகள் இருக்கிறது. டயர் பாலிஷிலிருந்து வழிந்த சிலிக்கான் இருக்கிறது. நம் ஊர் சர்வீஸ் நிலையங்களில் அடிப்பாகத்துக்கு அடிக்கும் டீசலின் பிசுக்கும் இருக்கிறது. சோப்பு இவற்றில் எதையும் முழுசாக எடுக்காது. சிலிக்கான் மிச்சம் இருக்கும் இடத்தில் ரப்பர் விலகி ஓடிச் சின்னச் சின்னக் குழிகள் விழும். இரும்புத் துகளுக்கு அயர்ன் ரிமூவர், பிசுக்குக்கு டிகிரீசர், கழுவிக் காய்ந்தபின் ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் தொட்ட துணியால் ஒருமுறை துடைப்பது என்று மூன்று கட்டம் வேண்டும். போர்வெல் தண்ணீரில் கழுவினால் உப்புப் படிவு தங்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். உப்புப் படிவின் மேல் எந்தக் கோட்டிங்கும் ஒட்டாது. ஏற்கெனவே கிளியர் கோட் (வீல் பெயின்டின் மேல் இருக்கும் நிறமற்ற பாதுகாப்புப் பூச்சு) செதில் செதிலாக எழும்பிய வீலில் இதை அடிக்கவே கூடாது. உரிக்கும்போது ரப்பரோடு கிளியர் கோட்டும் வந்துவிடும்.

அடுத்தது அழகு சம்பந்தப்பட்டதில்லை, உயிர் சம்பந்தப்பட்டது. லேபிளில் உள்ள படத்தில் கழற்றி வைத்த வீலின் நட்டுத் துளைக்குள்ளும் கறுப்பு தெரிகிறது. நட்டு உட்காரும் கூம்பு வளையத்திலும், வீல் ஹப்போடு (அச்சின் முனையில் வீலைப் பூட்டும் பாகம்) ஒட்டும் பின்முகத்திலும் ரப்பர் படவே கூடாது. ரப்பர் நசுங்கும், நசுங்க நசுங்க நட்டின் பிடிப்பு குறையும், கடைசியில் நட்டு தளரும். இந்த ஒன்றில் மட்டும் வலப்பக்க வீல்களிலும் உங்கள் படத்தை நாங்கள் பின்பற்றவில்லை. ஒவ்வொரு துளையிலும் பழைய நட்டைச் செருகி மூடிவிட்டுத்தான் அடிக்க வேண்டும். பூட்டும்போது டார்க் ரெஞ்சில் (இறுக்கும் விசையை அளந்து காட்டும் ஸ்பானர்) வண்டிக் கையேட்டின் அளவுக்கு இறுக்கி, 50 முதல் 100 கிலோமீட்டர் ஓடியபின் மறுபடி சரிபார்க்க வேண்டும். டயர் உட்காரும் பீட் பகுதியில் படலம் இருந்தால் காற்றுக் கசியும். ஒட்டும் வகை வீல் வெயிட்டை ரப்பர் மேல் ஒட்டினால் ஓட்டத்தில் பறந்துவிடும். பாலன்ஸிங்கை முன்னாலேயே முடித்துவிட வேண்டும். பிரேக் பக்கம் இருக்கும் உட்சுற்றையும் விட்டுவிடுவதே நல்லது. இந்த வகை ரப்பர் தாங்குவது சுமார் 93 டிகிரி செல்சியஸ் வரைதான். வால்பாறையின் 40 கொண்டை ஊசி வளைவுகளைப் பிரேக்கிலேயே இறங்கும் வண்டியில் டிஸ்க் அதைவிடப் பல மடங்கு சூடாகும்.

டேப் விஷயத்தில் நீங்கள் சொன்னது நேர் எதிர். கடைசிக் கோட் ஈரமாக இருக்கும்போதே டேப்பை எடுத்தால்தான் ஓரம் பரப்போடு அமுங்கிக் காயும். காய்ந்தபின் எடுத்தால் டேப்போடு ஓரமும் எழும்பும். பிறகு பிரஷர் வாஷ் தண்ணீர் நுழைய அந்த ஓரமே போதும். வலப்பக்க வீல்கள் கிளம்பத் தொடங்கியது சரியாக அந்த விளிம்பில்தான். டயரை மறைக்க டேப்பைவிடச் சீட்டுக்கட்டு எளிது. டயருக்கும் ரிம்முக்கும் இடையில் சீட்டுகளைச் சுற்றிலும் செருகினால் ரிம்மின் விளிம்பு வரை கோட்டிங் போகும், டயரில் படாது.

30 நிமிடத்தில் தொட்டால் ஒட்டாது, அவ்வளவுதான். உள்ளே கரைப்பான் இன்னும் இருக்கும். முழுசாக இறுக ஒரு நாள் வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழைக் காற்றில் அடித்தால் ஆவியாகும் கரைப்பான் பரப்பைக் குளிர்வித்து ஈரத்தை இழுக்கும். கறுப்பு வெளுத்துப் போகும். முதல் வாட்டர் சர்வீஸை ஒரு வாரம் தள்ளிப் போடச் சொல்லுங்கள். பெட்ரோல், டீசல், தின்னர் எதுவும் மேலே படக் கூடாது என்பதைப் பெரிய எழுத்தில் போடுங்கள்.

இனி சேதம். வலப்பக்கக் கோட்டிங் நகத்தளவு துண்டு துண்டாகத்தான் வந்தது. மெல்லிய படலம் அப்படித்தான் வரும். அதன் மேலேயே இன்னும் மூன்று நான்கு கோட் அடித்து, ஒரு நாள் காயவிட்டு, ஒரே தோலாக உரிப்பதுதான் பாதுகாப்பான வழி. உங்கள் வாய்மொழி என்ன என்பதையும் தெரிந்துகொள்வதற்காக உதவி எண்ணை அழைத்தோம். பெயின்டைக் கரைக்கும் என்சி தின்னரில் நனைத்த துணியால் தேய்க்கச் சொன்னார்கள். முன் வீலில் கைப்பிடி அளவு இடத்தில் மட்டும் அதைச் செய்தோம். ரப்பர் போயிற்று, கூடவே அந்த இடத்தில் கம்பெனி கிளியர் கோட்டும் மங்கிவிட்டது. வீலுக்கு மறுபடி கிளியர் அடித்துத் தர ஆகும் செலவின் மதிப்பீட்டை இணைத்துள்ளோம்.

நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, பிரிவு 84, சேதத்தைத் தவிர்க்கும் அளவுக்குப் போதிய பயன்பாட்டு வழிமுறையோ எச்சரிக்கையோ பொருளில் இல்லாவிட்டால் தயாரிப்பாளரைப் பொறுப்பாக்குகிறது. தொழிலுக்காக வாங்கியவர் நுகர்வோர் ஆகமாட்டார் என்று உங்கள் வழக்கறிஞர் சொல்லக்கூடும். பில்லைப் பாருங்கள், இந்தக் கேன்கள் சொந்தக் காருக்காகத் தனிப்பெயரில் வாங்கியவை.

எங்கள் கோரிக்கை: சேதமான வீலின் சீரமைப்புச் செலவையும் வலப்பக்கத்துக்கு வீணான கேனின் விலையையும் தர வேண்டும். உதவி எண்ணில் தின்னர் யோசனை சொல்வதை உடனே நிறுத்த வேண்டும். லேபிளில் கோட் எண்ணிக்கை, கேன் கணக்கு, டேப் எடுக்கும் நேரம், காயும் நேரம் ஆகியவற்றைத் திருத்தி, நட்டுத் துளைப் படத்தை மாற்ற வேண்டும். புது லேபிள் அச்சாகும் வரை, கடைகளில் ஏற்கெனவே இருக்கும் கேன்களுக்கு ஒரு தாள் சேர்த்து அனுப்புங்கள். நட்டுத் துளை பற்றிய எச்சரிக்கையாவது அதில் இருக்க வேண்டும். 15 நாளுக்குள் எழுத்து மூலம் பதில் வராவிட்டால், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் பதிவுசெய்துவிட்டு, மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் மனு கொடுப்போம்.

இப்படிக்கு,
பட்டறை உரிமையாளர்,
கோயம்புத்தூர்.

இணைப்பு: பில் நகல், பேட்ச் எண் தெரியும் கேனின் படம், இரு பக்க வீல்களின் படங்கள், கிளியர் கோட் சீரமைப்பு மதிப்பீடு, வலப்பக்கத்திலும் இடப்பக்கத்திலும் உரித்தெடுத்த படலத் துண்டுகள் தனித்தனி உறையில் (இடப்பக்கத் துண்டு வால்வு ஓரத்தில் வெட்டி எடுத்தது, கனத்தை நீங்களே அளந்துகொள்ளலாம்).