டைமிங் பெல்ட் அறுந்துபோகவில்லை, டென்ஷன்தான் வைக்கவில்லை

அனுப்புநர்:
வாடகைக் கார் உரிமையாளர் / ஓட்டுநர்,
கானாடுகாத்தான், சிவகங்கை மாவட்டம்.

பெறுநர்:
வாடிக்கையாளர் குறைதீர் மேலாளர் அவர்கள்,
தலைமை அலுவலகம், சென்னை.

பொருள்: காரைக்குடிக் கிளையில் இன்ஜினைப் பிரித்துப் பூட்டியபோது டைமிங் பெல்ட்டின் இறுக்கத்தை (டென்ஷன்) சரியாக வைக்காததால் ஏற்பட்ட பழுது – தங்கள் செலவில் சரிசெய்து தரக் கோருதல்.

ஐயா,

வணக்கம். இன்ஜின் ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவில் இருக்கும் ஹெட் கேஸ்கட் போனதால் என் டீசல் காரைத் தங்கள் சர்வீஸ் சென்டரின் காரைக்குடிக் கிளையில் விட்டிருந்தேன். ஹெட்டை இறக்கி வேலை பார்த்து, பிஸ்டன்களால் சுற்றும் கிராங்க் தண்டையும் வால்வுகளைத் திறக்கும் கேம் தண்டையும் இணைக்கும் பல் வைத்த டைமிங் பெல்ட், அதை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர், வாட்டர் பம்ப் எல்லாம் புதிதாகப் போட்டதாக ஜாப் கார்டில் எழுதி, முழுப் பணமும் வாங்கிக்கொண்டுதான் வண்டியைக் கொடுத்தார்கள்.

எடுத்து வந்த மறுநாளே காலையில் ஸ்டார்ட் செய்ததும் டைமிங் கவருக்குள்ளிருந்து படபடவென்று சத்தம் வந்தது. இன்ஜின் சூடானதும் அடங்கிவிடும். உடனே கொண்டுபோய்க் காட்டினேன். "புது பெல்ட் சார், ஓட ஓட செட் ஆயிடும்" என்று சொல்லி, கவரைக்கூடக் கழற்றிப் பார்க்காமல் அனுப்பிவிட்டார் அட்வைசர். சூடேறும்போது ஹெட்டும் பிளாக்கும் விரிந்து பெல்ட் கொஞ்சம் இறுகும். குளிர்ந்த இன்ஜினில் மட்டும் பெல்ட் அடிக்கிறது என்றால் அது லூஸாக இருக்கிறது என்றுதான் அர்த்தம். உள்ளே கண்ணாடி இழைக் கயிறு வைத்து வார்த்த பெல்ட் அது; லூஸாகப் பூட்டினால் ஓட ஓடத் தானாக இறுகாது.

கல்யாணத்துக்கு வந்திருந்த குடும்பத்தைப் பிள்ளையார்பட்டிக்கு அழைத்துப் போக ஒரு விடியற்காலை வண்டியை எடுத்தேன். செல்ஃப் அடித்ததும் உள்ளே டக்கென்று ஒரு சத்தம், அவ்வளவுதான். மறுபடி அடித்தால் மோட்டார் வழக்கத்தைவிட லேசாகச் சுற்றியது. சிலிண்டருக்குள் காற்றை அழுத்தும் கம்ப்ரஷனே இல்லை. பெரியவர்கள் வீட்டு வாசலில் காத்துக்கொண்டிருக்க, நான் வேறு வண்டிக்கு ஆள் தேடி அலைந்தேன்.

இப்போது கிளையில் "பெல்ட் ஃபெயிலியர், அது ஸ்பேர் பார்ட் கம்பெனி சமாச்சாரம்" என்று சொல்லி, புதிதாக ஒரு எஸ்டிமேட் நீட்டுகிறார்கள். இதை நான் ஏற்கவில்லை. என் முன்னால்தான் கவரைக் கழற்றினார்கள். பெல்ட் அறுந்திருக்கவில்லை. ஒரு பல்கூட உதிரவில்லை, எண்ணெய்ப் பிசுக்கும் இல்லை. கவரின் உள்பக்கத்தில் பெல்ட் உரசிய கோடு பளபளவென்று தெரிந்தது, அடியில் கறுப்பு ரப்பர்த் தூள். இறுக்கத்தைக் காட்டும் டென்ஷனர் முள் அதன் வெட்டுக்கு நேராக நிற்காமல் லூஸ் பக்கம் விலகி நின்றது. கிராங்க் மார்க்கை நேராக வைத்தால் கேம் மார்க் தள்ளி நிற்கிறது. பெல்ட் பல் தாண்டியிருக்கிறது. கம்ப்ரஷன் இல்லாததைப் பார்த்தால், வால்வுகள் பிஸ்டனில் அடிபட்டு வளைந்திருக்கின்றன என்றே தெரிகிறது. கவரைக் கழற்றியபோது கண்ணில் பட்ட எல்லாவற்றையும் படம் எடுத்து வைத்திருக்கிறேன்.

வண்டியைப் பூட்டிய அன்று நான் அங்கேதான் நின்றிருந்தேன். மெக்கானிக் தம்பி மார்க் பார்த்துப் பெல்ட்டைப் போட்டார், டென்ஷனர் நட்டை முறுக்கினார், கவரை மூடினார், நேராகச் செல்ஃப் அடித்தார். "கையால சுத்திப் பாக்கலையா தம்பி?" என்று கேட்டேன். "ஆட்டோ டென்ஷனர் சார், அதுவே பாத்துக்கும்" என்றார். என் வண்டியில் இருப்பது ஆலன் கீ போட்டுத் திருப்பி, முள்ளை வெட்டுக்கு நேராக நிறுத்தி, அது நகராமல் பிடித்துக்கொண்டு நட்டை இறுக்க வேண்டிய டென்ஷனர். நட்டோடு சேர்ந்து அது லேசாகத் திரும்பினாலும் டென்ஷன் போய்விடும். அதற்காகத்தான் இன்ஜின் சுற்றும் திசையிலேயே கிராங்கைக் கையால் இரண்டு முழுச் சுற்று சுற்றி, மார்க்கையும் முள்ளையும் மறுபடி பார்ப்பது. கிராங்க் இரண்டு சுற்று சுற்றினால்தான் கேம் ஒரு சுற்று முடியும். பெல்ட்டில் எங்காவது தொய்வு ஒளிந்திருந்தால் அப்போது டென்ஷனர் பக்கம் வந்துவிடும். சில நிமிட வேலை. அதைச் செய்யாமல் விட்டதில்தான் என் இன்ஜின் போயிற்று. அந்தத் தம்பியை வேலையை விட்டு நிறுத்துங்கள் என்று நான் கேட்கவில்லை. சாயங்காலத்துக்குள் வண்டி வெளியே போக வேண்டும் என்று ஃபோர்மேன் அவர் தலைமேல் நின்றதையும் பார்த்தேன்.

என் முன்னிலையில் ஹெட்டை இறக்கி, வளைந்த வால்வுகளை மாற்றி, பிஸ்டன் தலைகளையும் பார்த்து, புது பெல்ட்டும் டென்ஷனரும் போட்டு, இன்ஜின் குளிர்ந்த நிலையில் அந்த இன்ஜினின் மேனுவலில் உள்ளபடி டென்ஷன் வைத்துத் தர வேண்டும். கையால் சுற்றிச் சரிபார்த்ததை ஜாப் கார்டில் எழுதிக் கையெழுத்திட வேண்டும். எல்லாம் தங்கள் செலவில். வண்டி நிற்கும் நாள்களுக்கான வாடகை இழப்பையும் தர வேண்டும். முகூர்த்த நாள்களில் ஓடினால்தான் எங்களுக்கு வருமானம்.

டி போர்டு (வாடகை) வண்டி என்பதால் நுகர்வோர் மன்றம் போக முடியாது என்று கிளை மேலாளர் சொன்னார். நானே ஓட்டிப் பிழைக்கும் ஒற்றை வண்டி இது. சுயதொழில் செய்து பிழைப்பவரை 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வியாபாரியோடு சேர்த்துப் பார்ப்பதில்லை. இக்கடிதம் கிடைத்த 15 நாள்களுக்குள் எழுத்துப்பூர்வமான பதில் வராவிட்டால், சேவைக் குறைபாடு என்று மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுப்பேன். அதுவரை கழற்றிய பெல்ட்டையும் டென்ஷனரையும் தூக்கிப் போட்டுவிடாமல் பத்திரமாக வைத்திருக்கக் கிளைக்கு உத்தரவிடுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்

இணைப்பு: ஜாப் கார்டு, பில், புது எஸ்டிமேட் நகல்கள், கவரைக் கழற்றியபோது எடுத்த படங்கள்.