சார்பட்டா பாட்டும் எங்கள் கரப்பந்துப் பெடியளும்

பரந்தன்

அன்புள்ள ரூபன்,

உன் கடிதம் கிடைத்தது. மச்சாளும் பிள்ளைகளும் சுகம் என்று அறிந்து சந்தோசம். இங்கே சிறுபோக வெட்டு முடிந்துவிட்டது. நெல்விலை சரியில்லை. அதைத் தொடங்கினால் கடிதம் முழுக்க அதுவாகிவிடும், விடு.

சார்பட்டா பரம்பரை என்ற குத்துச்சண்டைப் படத்தின் பாட்டுகளைப் பற்றி எழுதியிருந்தாய், எழுபதுகளில் நடக்கிற கதைக்குள் ராப் எதற்கு என்று. நான் ஒத்துக்கொள்ள மாட்டேன் மச்சான். காலத்தையும் ஊரையும் காட்டத்தான் ‘வம்புல தும்புல’ இருக்கிறதே. கானா முத்துவும் இசைவாணியும் வடசென்னையை அப்படியே கொண்டுவந்து நிறுத்துகிறார்கள். நீ சொல்கிற ராப், ‘நீயே ஒளி’, விழுந்தவன் எழும்புகிற பாட்டு. குத்துச்சண்டைக்காரனுக்கு மூச்சுத்தான் கணக்கு. இழுத்துப் பாடுகிற மெட்டு அங்கே எடுபடாது, வெட்டி வெட்டி விழுகிற சொல்தான் வேண்டும்.

படம் தியேட்டருக்கு வராமல் 2021 யூலையில் நேரே அமேசானில் வந்தது. இங்கே பாதிப்பேர் போனில்தான் பார்த்தார்கள். ஆனால் பாட்டு இன்னும் மைதானத்தை விட்டுப் போகவில்லை. போன மாதம் எங்கள் கழகத்தின் கரப்பந்து இறுதியாட்டம். வலையை இழுத்துக் கட்டும்போதே சவுண்ட்காரன் ‘நீயே ஒளி’யைப் போட்டுவிட்டான். பழைய ஸ்பீக்கர், பேஸ் வந்தால் கொரகொரவென்று இரையும். பக்கத்தில் ஒரு பெடியன் பந்தைத் தட்டிக்கொண்டே தமிழ் வரிகளைப் பாடுகிறான். ஆங்கிலம் வந்தால் வாயை மூடித் தலையை மட்டும் ஆட்டுகிறான், தமிழ் வந்ததும் திரும்பவும் பிடித்துக்கொள்கிறான். பாடுவது ஆரென்று கேட்டேன், தெரியாது என்றான். ஷான் வின்சென்ட் டி போல் யாழ்ப்பாணத்தில் பிறந்து கனடாவில் வளர்ந்தவர், கூடப் பாடுகிற நவ்ஸ்-47உம் எங்கட பிள்ளைதான் என்றேன். “உண்மையாவோ மாமா?” என்றுவிட்டு மற்றவங்களுக்குச் சொல்ல ஓடினான். ஆட்டத்தில் தோற்றுத்தான் போனார்கள், அதற்குப் பாட்டைக் குறை சொல்லேலாது.

சென்னைக் குத்துச்சண்டைக்காரனுக்கு எங்கட ஆட்களின் குரலைக் கொடுக்க இசையமைப்பாளர் சந்தோஷ் நாராயணனுக்குத் தோன்றியதே, அதுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. மற்றபடி ஆல்பமாக வைத்துக் கேட்க, அவரே 2016இல் செய்த ‘இறுதிச்சுற்று’தான் மேல். அதுவும் குத்துச்சண்டைப் படம்தான். அதில் பாடகி தீ பாடிய ‘ஏ சண்டக்காரா’ இன்னும் அலுக்கவில்லை. சார்பட்டாவில் பாட்டுகள் சொற்பம், சண்டைகளைத் தூக்கி நிறுத்துவது பின்னணி இசை. 2023 ஒக்டோபரில் அவர் யாழ்ப்பாணம் முற்றவெளியில் கச்சேரி வைத்தபோது எங்கள் பக்கப் பெடியள் வான் பிடித்துப் போனார்கள். எனக்கு அன்று வயலில் வேலை.

ஷானின் கச்சேரி அங்கே நடந்தால் போய்ப் பார்த்துவிட்டு எழுது. மச்சாளையும் கூட்டிப்போ. ராப் அவவுக்கு ஆகாது என்று தெரியும், இருந்தாலும் கூட்டிப்போ.

அன்புடன்,
சிவா