ஜேசன் நியூஸ்டெட் அண்ணனுக்கு, அந்த அஞ்சு ட்ராக் பத்தி

ஜேசன் அண்ணே, வணக்கம்.

மெட்டாலிகா பேண்டுல பேஸ் கிட்டார் வாசிச்ச உங்ககிட்ட எல்லாரும் 1988ல வந்த 'அண்ட் ஜஸ்டிஸ் ஃபார் ஆல்' ஆல்பத்துல உங்க பேஸ் கேக்கவே இல்லையே, எங்கண்ணே போச்சுன்னுதான் கேப்பாங்க, கேட்டு கேட்டு உங்களுக்கே புளிச்சுப் போயிருக்கும். நான் எழுதுறது அதுக்கு முந்தின வருஷம் வந்த கராஜ் டேஸ் ஈபி பத்தி, அஞ்சே ட்ராக் இருக்கிற குட்டி ஆல்பம்.

1986 செப்டம்பர்ல ஸ்வீடன்ல பஸ் கவுந்து, உங்களுக்கு முன்னாடி பேஸ் வாசிச்ச க்ளிஃப் பர்ட்டன் போயிட்டாரு, நவம்பர்லயே அந்த இடத்துல நீங்க மேடை ஏறிட்டீங்க. அடுத்த ஆல்பம் ஆரம்பிக்கலாம்னு பாத்தா 1987 மார்ச்ல பாடகர் ஹெட்ஃபீல்டு ஸ்கேட்போர்டுல விழுந்து கைய உடைச்சுக்கிட்டாரு, எல்லாம் தள்ளிப் போச்சு. ஆகஸ்ட்ல இங்கிலாந்துல டோனிங்டன் ஷோ வேற இருக்கு, கையில புது சரக்கு ஒண்ணும் இல்ல. சரி நமக்குப் புடிச்ச பேண்டுங்க பாட்டயே வாசிச்சு விடுவோம்னு டயமண்ட் ஹெட், ஹோலோகாஸ்ட், கில்லிங் ஜோக், பட்ஜி, மிஸ்ஃபிட்ஸ்னு எடுத்துப்போட்டு லாஸ் ஏஞ்சல்ஸ்ல ஆறே நாள்ல முடிச்சீங்க. போன ஆல்பத்துக்கு சாமான் இறக்கி வைக்கவே இவ்ளோ நாள் ஆச்சுன்னு கவர்ல நக்கல் வேற. கடைக்காரன் ஏத்தி விக்கக் கூடாதுன்னு விலை 5.98 டாலர்னு டைட்டில்லயே போட்டாங்க பாருங்க, அந்தத் திமிருதான்ணே மெட்டாலிகா.

இப்ப விஷயத்துக்கு வரேன். பட்ஜி பாட்டு 'க்ராஷ் கோர்ஸ்' இருக்குல்ல, அது ஆரம்பிக்கிறதே உங்க பேஸ்லதான். கொர கொரன்னு, கம்பிய மீட்டுற பிக் உரசுற சத்தம் உட்பட கேக்குது, அப்புறம்தான் மத்தவங்க வந்து சேர்றாங்க. ஹெட்ஃபோன்ல அத கேட்டா ஒரு புது பையன் என்னாலயும் முடியும்டான்னு காட்டுற வெறி தெரியும். கவர்ல உங்க பேர நியூகிட்னு போட்டு கலாய்ச்சிருக்காங்க, அது கலாய்ப்பா ராகிங்கான்னு உங்களுக்குத்தான் தெரியும். ஆனா சத்தத்த யாரும் குறைக்கல. புரொட்யூசர்னு யாரும் இல்ல, உக்காந்து நோண்டிட்டே இருக்க நேரமும் இல்ல, அடிச்சது அடிச்சபடி வந்துருச்சு.

அப்புறம் வந்த ஜஸ்டிஸ் ஆல்பத்துக்கு நேரத்துக்கா பஞ்சம்? புரொட்யூசர் மாறினாரு, ஒவ்வொரு சத்தத்தையும் கூட்டிக் குறைச்சு மிக்ஸ் பண்ண தனியா ரெண்டு பேர், அதுல ஒருத்தரான ஸ்டீவ் தாம்சனே ட்ரம்மர் லார்ஸ்தான் பேஸ குறைக்கச் சொன்னாருன்னு பின்னாடி பேட்டி குடுத்தாரு. எனக்கு வயிறு எரியிறது என்னன்னா, அந்த ஆல்பத்தோட முதல் பாட்டு 'ப்ளாக்கன்ட்' எழுதினவங்கள்ல உங்க பேரும் இருக்கு, அதுலயே நீங்க கேக்கல. ஃபேன்ஸ் வீட்டுல உக்காந்து பேஸ தூக்கி வச்சு 'அண்ட் ஜஸ்டிஸ் ஃபார் ஜேசன்'னு ஆளாளுக்கு ஒரு வெர்ஷன் போட்டுட்டாங்க, 2018ல பேண்டே அஃபிஷியலா ரீமாஸ்டர் விட்டப்பவும் மிக்ஸ்ல கை வைக்கல.

நல்லவேளை அதே வருஷம் கராஜ் டேஸயும் தனியா மறுபடி விட்டாங்க. ரொம்ப நாளா கிடைக்காம இருந்த ஐட்டம்ணே அது. இப்ப எவனாவது என்கிட்ட வந்து நியூஸ்டெட் அப்படி என்னதான் வாசிச்சாருன்னு கேட்டா நான் வாயே திறக்கிறதில்ல, 'க்ராஷ் கோர்ஸ்' லிங்க்க மட்டும் அனுப்பிடுவேன்.

இப்படிக்கு,
ஸ்பீக்கர்ல பேஸ் நாப்ப எப்பவும் ஏத்தியே வச்சிருக்கிற ஒரு தம்பி